வெட்டச் சொன்ன பத்தி

ஆகஸ்ட் 12, இரவு.

சுதந்திர தின மலருக்காக, நாட்டின் முதல் அரசாங்கத்தைப் பற்றி நான் எழுதிய கட்டுரையில் ஒரு பத்தியை வெட்டச் சொல்கிறார் ஆசிரியர். எல்லோருக்கும் ஓட்டு தந்ததும் இங்கே சுரங்கம் கொண்டுவந்ததும் இருக்கலாமாம். சுரங்கத்துக்கு நிலம் எடுத்தபோது பட்டாதாரருக்கு மட்டும் இழப்பீடு கொடுத்து, அந்த நிலத்தில் கூலிக்கு உழுதவரை விட்டுவிட்டது வேண்டாமாம்.

"நாட்டோட பொறந்த நாள் அன்னைக்கா சார் குறை சொல்றது?" என்றார் போனில்.

மாலையில் மந்தாரக்குப்பம் போய் அஞ்சலையிடம் சொன்னேன். அந்தப் பத்தியில் வரும் கூலிக்காரர் அவருடைய அப்பா. அஞ்சலை சிரித்தார்.

"எங்கப்பாரு ஒரு எலெக்‌ஷன்கூட வுட்டதில்லிங்க. ஓட்டுப்பொட்டி முன்னால பண்ணையாரும் நானும் ஒண்ணுதான்னு சொல்லிக்கினே இருப்பாரு. நெலம் எடுக்கசொல்ல அதே கவர்மெண்ட்டு கண்ணுக்குப் பண்ணையாரு மட்டுந்தான் தெரிஞ்சாரு. எழுதுனா ரெண்டையும் எழுதுங்க. இல்லன்னா அவரு பேரே வேணாம்."

வீட்டுக்கு வந்ததும் ஆசிரியருக்கு எழுதி அனுப்பினேன். பத்தி போனால் கட்டுரையும் வேண்டாம் என்றேன். இத்தனை வருடத்தில் அவரிடம் இப்படிச் சொன்னதில்லை. அடுத்த வேலை தருவாரோ என்னவோ.

பதில் வரவில்லை. கட்டுரையை மறுபடி படித்தேன். பாராட்டிலும் குறையிலும் நான் கூட்டியது எதுவும் இல்லை. இனி ஒரு வரியும் மாற்றமாட்டேன்.