பிரிக்பீல்ட்ஸ் ஒலிப்பதிவுகளில் உன் குரல்

என் பிரியத்துக்குரிய அண்ணே,

உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு உன் பேராசிரியர் கூப்பிட்டார். பிரிக்பீல்ட்ஸ் முடிதிருத்தும் கடையில் உன் ஆய்வுக்காக நீ பதிந்த உரையாடல்களை, அங்கே வேலை செய்பவர்களுக்குக் கொடுத்த வாக்குப்படி அழித்துவிடச் சொன்னார். நியாயம்தான். ஊரில் குடும்பத்தை விட்டுவிட்டுக் கடல் தாண்டி வந்து இங்கே பிழைப்பவர்கள், உன்னை நம்பித்தானே மனசைத் திறந்தார்கள்?

ஆனால் கிள்ளான் வீட்டில் அம்மா, "எம்புள்ள குரலைக் கேக்காம அழிச்சிடாதய்யா" என்றாள். நான் என்ன செய்ய?

உளவியல் என்றால் கேள்வித்தாள் கொடுத்து, பதிலைக் கூட்டி, முடிவு எழுதுவது என்றுதான் நினைத்திருந்தேன். நீயோ மாசக்கணக்கில் அவர்களோடு சமைத்து, கடைக்கு மேலே அவர்கள் அறையில் பாய் போட்டுப் படுத்தாய். "கூட இருந்து பார்த்தாத்தான்டா அவங்க தனிமை என்னன்னு புரியும்" என்பாய். எனக்கு அவ்வளவு பொறுமை ஏது?

கடைக்கே போய்க் கேட்டேன். மூத்தவர் முருகேசன் அண்ணன் சிரித்தார். "உங்கண்ணன் முடி கூட்டுற லட்சணம் இருக்கே, பாதி முடி கஸ்டமர் செருப்புலதான் ஒட்டிக்கிட்டுப் போகும்." பிறகு கத்தரியைக் கீழே வைத்தார். "உங்கண்ணன் குரலை மட்டும் அம்மாவுக்குக் குடுங்க. எங்க பேச்சு வேணாம் பாஸ். எம்பொண்டாட்டிக்கே அதெல்லாம் தெரியாது." பேராசிரியரும் சரி என்றார்.

குரல்களைப் பிரிக்கும் மென்பொருள்தான் என் பிழைப்பு. எதையும் காதில் வாங்காமல் ஓடவிட்டேன். மிஞ்சியது என்ன தெரியுமா? "ம்." "சொல்லுங்கண்ணே." "அப்புறம்?" இடையிடையே நீண்ட மௌனம். இவ்வளவுதான் பேசினாயா நீ?

அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். "முழுசா ஒரு வார்த்தை பேசலையே" என்று கோபப்பட்டாள். மறுபடி போடச் சொன்னாள். நீ "அப்புறம்?" என்றதும் பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

"அப்புறம் என்னய்யா, இன்னும் மூணு பேருக்குத்தான் சோறு பொங்குறேன். தம்பிகிட்ட சொல்லிடாத, கத்துவான்."

நான் பக்கத்தில்தான் இருந்தேன். கத்தவில்லை. நீ போனதிலிருந்து ஓரிரு வார்த்தைக்கு மேல் பேசாதவள் பேசிக்கொண்டே இருந்தாள். பதிவு செய்யலாம் என்று கை தானாகப் போனுக்குப் போனது. அவளிடம் அனுமதி கேட்கவில்லையே. கையை எடுத்துவிட்டேன்.

மற்றதையெல்லாம் அன்றைக்கே அழித்தேன், அண்ணே. அவர்கள் உன்னிடம் சொன்னது உன்னோடு போகட்டும். அம்மா பேசும்போது முன்பு மாதிரி இனி நடுவில் எழுந்து போகமாட்டேன். இது உறுதி.

உன் அவசரக்காரத் தம்பி