நீலப் பொத்தான்

8 ஜூலை 2024, திங்கள்

சின்னா, நீ வாங்கிக் கொடுத்த போனில் இன்றைக்கும் அது வந்து உட்கார்ந்திருக்கிறது. “மென்பொருள் புதுப்பிப்பு” என்று எழுத்துக் கூட்டிப் படித்தேன். அஞ்சாவது படித்தவளுக்கு எழுத்து வரும், அர்த்தம் வராது. நீ இருந்தால் “அத்த வுடும்மா, உனக்கு இன்னாத்துக்கு” என்று தள்ளிவிட்டிருப்பாய்.

முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து நாற்பத்தொரு நாள். ஏரியிலிருந்து நீ எனக்கு அனுப்பிய குரல் பதினேழு இந்தப் போனில் இருக்கிறது. எறா கெடச்சிருக்கு, கூடையோட கரைக்கு வா. சோறு வெச்சுடு. அவ்வளவுதான் பேச்சு. அது போதும் எனக்கு. ஆனால் போனில் இடம் இல்லை என்று வருகிறது. எது வந்து இடத்தை அடைக்கிறது என்று பார்த்தால், இதுதான்.

9 ஜூலை

அழித்தேன். சாயந்திரம் பார்த்தால் திரும்ப இருக்கிறது.

11 ஜூலை, வியாழன்

பொன்னேரிக்கு பஸ் ஏறினேன். போன் ரிப்பேர் கடை பிரகாஷ், உனக்குத் தெரிந்த பையன்தான். உன் பெயரைச் சொன்னதும் தலையைக் குனிந்துகொண்டான்.

“அக்கா, இது அப்டேட். பழைய போனு, தாங்காது. பாதி எடத்த இதுவே தின்னுடுது. அழிச்சுட்டேன், இனிமே தானா வராத மாதிரி அடைச்சும் வெச்சுட்டேன். எடம் வேணும், பழசையெல்லாம் அழிக்கவான்னு கேட்டா மட்டும் சரின்னு போட்டுடாத.”

குரலையெல்லாம் வேறொன்றில் ஏற்றித் தருகிறேன், போன் ரெண்டு நாள் கடையில் இருக்கட்டும் என்றான். உன்னைக் கடையில் விட்டுவிட்டு நான் பஸ் ஏறுவேனா? வேண்டாம் என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

14 ஜூலை, ஞாயிறு

மூன்று நாளாக வரவில்லை. போன் நிம்மதியாக இருக்கிறது. எனக்குத்தான் இல்லை.

இன்று மாதா கோயில் பக்கமாக உன் நைனா வலையைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். யாரோ இன்னா தேசப்பா என்று கேட்டதற்குச் சிரித்தார். சிரிக்கிறார்.

உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் நமக்குப் பாடு. ஏரியில் இன்ன இடம் இன்னாருக்கு என்று முறை வைத்து விடுவதில், நம் முறை அன்றைக்கென்று வந்து நின்றது. ஒரு முறை போனால் போகட்டும் என்றேன். “வூட்ல குந்திக்கினா அவன் வந்துடுவானா?” என்று கேட்டுவிட்டு வலையை எடுத்தார். பிள்ளையை விழுங்கின தண்ணீரில் பதினேழாம் நாள் வலை கட்டினார். அன்றிலிருந்து உன் பெயர் அவர் வாயில் வரவில்லை. கல்லு. நான் கல்லோடு குடித்தனம் பண்ணிக்கொண்டிருக்கிறேன்.

15 ஜூலை

வந்துவிட்டது.

பிரகாஷுக்குப் போன் போட்டேன். “நான் அடைச்சது தானா தெறக்காது அக்கா. யாரோ கையால அமுக்கறாங்க. நீ இல்லாத நேரத்துல யாரு எடுக்கறாங்க பாரு” என்றான்.

16 ஜூலை, செவ்வாய்

நண்டுக் கூடையோடு நான் மார்க்கெட் போகும்போது போனை வீட்டில் சார்ஜில் போட்டுவிட்டுத்தான் போவேன். கூடைத் தண்ணீர் பட்டால் போச்சு. பேட்டரியும் நிற்பதில்லை. அந்த நேரத்தில் யார்? அடுத்த வீட்டு நந்தினிதான். உன் சித்தி சுதாவின் மகள். இந்த வீட்டில் வந்து ஆடுகிற வீடியோ பார்த்துக்கொண்டு கிடந்தவள்தானே.

போய்க் கேட்டேன். நல்லவிதமாகத்தான் ஆரம்பித்தேன்.

“எம் பொண்ணு உன் ஓட்ட போனத் தொட்டே ஒரு மாசம் ஆவுது,” என்றாள் சுதா. “புள்ளையப் பறிகுடுத்தவளாச்சேன்னு பாக்கறேன். இல்லன்னா...”

“இல்லன்னா இன்னாடி பண்ணுவ?”

“இல்லன்னா பேசற வாய்க்கு பதில் சொல்லியிருப்பேன். போ, வூட்டுக்குப் போ.”

நந்தினி அடுப்படியில் நின்று அழுதாள். அழட்டும் என்று வந்தேன். திருடிதான் முதலில் அழுவாள் என்று நினைத்தேன். எழுதுகிறேன், மறைப்பானேன்.

18 ஜூலை

நந்தினி என்னைப் பார்த்தால் சந்து மாறிப் போகிறாள். அப்டேட் மட்டும் தவறாமல் வருகிறது.

20 ஜூலை, சனி

சின்னா, மூணு போச்சுடா.

பதினேழில் மூன்று பாடவில்லை. அமுக்கினால் சுற்றுகிறது, சுற்றுகிறது, அப்புறம் எழுத்து வருகிறது: இந்தக் குரல் இப்போது இல்லை, அனுப்பியவரிடம் மறுபடி அனுப்பச் சொல்லவும்.

அனுப்பினவங்கிட்டயாம். எங்க போய்ச் சொல்றது? முகத்துவாரத்துல நின்னுக்கினு கத்தட்டுமா? எந்தப் பாவி இப்டி எழுதி வெச்சான், அவனுக்குப் புள்ள இல்லையா?

இடம் போதாமல் பழசை அழிக்கவா என்று கேட்டிருக்கும். யாரோ சரி போட்டிருக்கிறார்கள்.

22 ஜூலை, திங்கள்

மழை மூட்டம். நண்டு இல்லை, ஆளும் இல்லை. பத்து மணிக்கே திரும்பிவிட்டேன். கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே உன் குரல்.

“யம்மா, எறா நெறைய கெடச்சிருக்கு, பெரிய கூடையா எத்துனு வா.”

உன் நைனா. சார்ஜர் ஒயர் குட்டை. அதனால் சுவரோடு சுவராகக் குந்தி, கன்னத்தைச் சுவரில் வைத்து, போனைக் காதில் வைத்திருந்தார். ஏரிச் சேறு காலில் காயவில்லை. முடிந்ததும் மறுபடி வைத்தார். குறுக்கே அப்டேட் போடவா என்று கேட்கிற கட்டம் வந்தது. யோசிக்கவே இல்லை, கட்டை விரலால் அதிலிருந்த நீலப் பொத்தானை அமுக்கினார். கட்டம் போனது. உன் குரல் வந்தது.

“இன்னாய்யா பண்ற?”

திருடன் மாதிரி எழுந்தார். போனைத் துண்டில் துடைத்தார்.

“சின்னான்தான் சொன்னான். எது குறுக்க வந்தாலும் நீலத்த அமுக்கு நைனா, போயிடும்னு.”

ஒரு மாசத்துக்கு மேல் ஆகி, இன்றைக்குத்தான் உன் பெயரைச் சொன்னார். படிக்கத் தெரியாது. ஏரியில் தூரத்தில் கொடியின் நிறம் பார்த்தே யார் வலை என்று சொல்லுகிற மனுஷன். போனிலும் நிறத்தைத்தான் பார்த்திருக்கிறார். நான் மார்க்கெட் போகிற ஒவ்வொரு நாளும், கரையேறி வந்து, அமுக்கி அமுக்கி, அதை இறக்கி, இடத்தை அடைத்து, அழிக்கவா என்றால் அதற்கும் நீலம்.

எனக்கு இரக்கம் வரவில்லை. முதலில் வந்தது கோபம். தனியாகக் கேட்டாரே, என்னையும் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டால் என்ன? நான் ராத்திரியெல்லாம் போர்வைக்குள் கேட்டுக்கொண்டு கிடந்தேன், அவர் பகலில் சுவரில் முட்டிக்கொண்டு கேட்டார். ஒரே வீடு.

24 ஜூலை, புதன்

போனை பிரகாஷிடம் விட்டேன். பதினாலையும் வேறொன்றில் ஏற்றிவிட்டான். அன்றைக்கே விட்டிருந்தால் பதினேழு.

சுதா வீட்டு வாசலில் நின்று நந்தினியைக் கூப்பிட்டேன். வரவில்லை. சுதா வந்து, “தெரியும், போ” என்றாள். யார் சொன்னார்களோ.

28 ஜூலை, ஞாயிறு

அப்டேட் வரவில்லை. இப்போது ரெண்டு பேரும் சேர்ந்துதான் கேட்கிறோம். நான்தான் அமுக்குகிறேன், அவர் தொடுவதில்லை.

இன்று பாதியில் கையைப் பிடித்தார். “அந்த ஒண்ணு போடு. ‘நைனாவத் திட்டாதம்மா, நாந்தான் வலைய சரியாக் கட்டல’ன்னு சொல்வானே. என்னப் பத்தி வர்றது அது ஒண்ணுதான். ஏன் பாட மாட்டேங்குது?”

அது அந்த மூன்றில் ஒன்று. அழித்தது அவர் விரல்தான், அது அவருக்குத் தெரியாது.

“டவர் இல்லய்யா,” என்றேன். தலையாட்டினார். நாளைக்கும் கேட்பார்.

சின்னா, அவர்கிட்ட சொல்லிடட்டுமா, இல்ல டவர் இல்லன்னே சொல்லிக்கினு இருக்கட்டுமா?