அந்தத் தோல்முட்டைக் கோழி இப்போது நம் வீட்டில்

என் அருமை அண்ணி,

இன்று காலையும் எழுந்ததும் முதல் வேலையாகக் கிளிஞ்சல் இடித்தேன். பல்கூடத் துலக்கவில்லை. உங்களுடைய அதே சின்ன இரும்பு உரலில் குருணையாக இடித்து, தவிட்டில் பிசைந்து, ஒரு கறுப்புக் கோழிக்கு வைத்தேன். அது நம் கோழி இல்லை, ஜென்சியின் கோழி. அது ஏன் இங்கே இருக்கிறது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். கோபத்தோடு எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் ஆண்டவரிடம் போனபோது ஜென்சி நடை பழகிக்கொண்டிருந்தாள். கடலுக்குப் போகும் ஸ்டீபனின் மகள். இப்போது ஏழு வயது. முந்தின வாரம் ஞாயிறு வகுப்புக்கு, கொட்டாங்குச்சியில் துணி விரித்து ஒரு தோல்முட்டையைக் கொண்டுவந்தாள். ஓடே இல்லாமல், வெறும் சவ்வுக்குள் ததும்பும் முட்டை. கடற்கரை மணலில் அவ்வளவு தூரம் உடையாமல் எப்படித்தான் தூக்கிவந்தாளோ!

"அத்த, இத்த பாரேன், ஜெல்லி மாதிரி கீது" என்று என்னிடம்தான் முதலில் காட்டினாள்.

இப்போது வகுப்பு நடத்தும் பிரதர், கூடுவாஞ்சேரியிலிருந்து பைக்கில் வருகிறவர், எட்டிப் பார்த்தார். "ஐயையோ, இது சாபம். இத்த ஏன் சபைக்குள்ள எடுத்தாந்த?" கொட்டாங்குச்சியோடு பிடுங்கி மதிலுக்கு அப்பால் வீசினார். குழந்தையை மண்டியிடவைத்துத் தலையில் கைவைத்து ஜெபித்தார். கோழியை அறுத்துவிடும்படி வீட்டுக்குச் சொல்லி அனுப்பினார். செவ்வாய்க்கிழமை ஸ்டீபனுக்குக் காய்ச்சல் வந்தது. அவ்வளவுதான், தெருவே தீர்ப்பு எழுதிவிட்டது.

சாபமாம்! உடம்பில் சுண்ணாம்பு பற்றாத கோழி தோல்முட்டை இடும். இதை அதே அறையில் எத்தனை வருஷம் சொல்லிக்கொடுத்தீர்கள், அண்ணி! பிள்ளைகளை வரிசையாக உட்காரவைப்பீர்கள். முதல் பிள்ளை கையில் மஞ்சள் பந்து, அதுதான் மஞ்சள் கரு. அடுத்தவள் அதன்மேல் பஞ்சைச் சுற்ற வேண்டும், வெள்ளைக்கரு. மூன்றாவது பிள்ளை மெல்லிய துணியைப் போர்த்துவான், சவ்வு. கடைசிப் பிள்ளைதான் ஓடு, அந்தப் பிள்ளை மட்டும் வகுப்பு முடியும்வரை அதை மடியிலேயே வைத்திருக்க வேண்டும்.

"மத்ததெல்லாம் சீக்கிரம் முடிஞ்சிடும். ஓடு கட்டத்தான் இருவது மணி நேரம் ஆவும். தீனியில சுண்ணாம்பு பத்தலன்னா தன் எலும்புலேர்ந்து எடுத்துக் குடுக்கும் கோழி. ஆண்டவரு தன்ன, குஞ்சுங்கள செறகுக்குள்ள சேத்துக்குற கோழியோட ஒப்பிட்டுச் சொன்னாரே, சும்மாவா சொன்னாரு?" என்பீர்கள். டாக்டர் உங்களுக்கு எழுதிக்கொடுத்த கால்சியம் மாத்திரையையே தவிட்டில் பொடித்துப் போட்டவராயிற்றே நீங்கள்! அண்ணன் எவ்வளவு திட்டினார்.

எனக்குக் கோபம் பிரதர்மேல் மட்டுமில்லை, என்மேலும்தான். நானும் அந்த அறையில்தான் நின்றுகொண்டிருந்தேன். விலங்கியலில் பட்டம் வாங்கியவள். அந்த முட்டையை முதலில் பார்த்தவள். வாயைத் திறக்கவில்லை. 'படிச்ச திமிரு' என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம். ஒரு குழந்தை மண்டியிட்டு அழும்போது என் பெயரைப் பற்றியா யோசித்தேன்? நீங்கள் இருந்திருந்தால் என் முகத்தைப் பார்த்திருப்பீர்களா?

சனிக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஸ்டீபனின் மனைவி செல்வி, கோழியின் காலைக் கட்டி வைத்திருந்தாள்.

"இன்னாக்கா, கொழம்பு வெக்கிறதுக்கு முன்னாடியே வாசன புடிச்சிகினு வந்துட்ட?"

"அறுக்காத. எனக்குக் குடுத்துடு."

"சாபத்த வூட்டுக்கு எடுத்துகினு போறேன்றியே, பைத்தியமா உனக்கு?"

"நானே ஒரு வூட்டுக்கு நாத்தனாரு. என்கிட்ட எந்தச் சாபம் நிக்கும்?"

செல்வி சிரித்துவிட்டாள். கட்டை அவிழ்த்துக் கோழியை என் கையில் கொடுத்தாள். கதவுக்குப் பின்னால் நின்ற ஜென்சி சிரிக்கவில்லை. வாசல்வரை என் பின்னாலேயே வந்து கேட்டாள்: "அத்த, நைனாவுக்கு என்னாலதான் சொரம் வந்துச்சா?"

இதற்கு என்ன பெயர் வைப்பது, அண்ணி? விசுவாசம் என்றா? ஏழு வயதுப் பிள்ளையின் முதுகில் அப்பாவின் காய்ச்சலைத் தூக்கி வைப்பதா ஊழியம்?

"இல்லடி கண்ணு" என்றேன். அவள் நம்பவில்லை. ஏன் நம்புவாள்? சபைக்குள் எல்லார் எதிரிலும் சொன்னதை, வாசலில் நின்று மெதுவாக மறுத்தால் யார்தான் நம்புவார்கள்? மறுநாள் அவள் வகுப்புக்கு வரவில்லை. ஸ்டீபனுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது, நேற்றே படகேறிவிட்டான். ஜென்சி மட்டும் தட்டில் முட்டை வைத்தால் எழுந்து போய்விடுகிறாளாம்.

சனிக்கிழமையிலிருந்து கோழிக்குக் கிளிஞ்சல் தீனிதான். இன்றும் வைத்துவிட்டுக் கூட்டுக்குள் கைவிட்டுப் பார்த்தேன். ஒரு முட்டை, இளஞ்சூடாக. ஓடு சொரசொரப்பாக இருக்கிறது, மெல்லியதாக இருக்கிறது. ஒரு பக்கம் கொஞ்சம் உள்வாங்கியிருக்கிறது. ஆனால் ஓடு இருக்கிறது.

இதை அண்ணனிடம்கூட இன்னும் சொல்லவில்லை. வருகிற ஞாயிறு ஜென்சியை நானே போய்க் கூட்டிவரப்போகிறேன். இந்த முட்டையை அவள் கையில் கொடுத்து, அலமாரியில் கிடக்கும் உங்கள் மஞ்சள் பந்தை எடுத்து, பிரதர் இருக்கும்போதே பிள்ளைகளை வரிசையாக உட்காரவைப்பேன். கடைசி இடம் ஜென்சிக்கு. உன் நைனாவின் காய்ச்சலுக்கு நீ காரணமில்லை என்று அங்கேயே, எல்லாருக்கும் கேட்கும்படி சொல்வேன். அன்றைக்கு நான் பேசாமல் நின்றது தப்பு என்றும் சொல்வேன்.

அவர் எங்களை வெளியே போகச் சொல்லலாம். ஓடு கட்ட நேரமாகும், பிரதர், அதுவரை இந்தப் பிள்ளை எழுந்திருக்க மாட்டாள் என்பேன். நானும் எழுந்திருக்க மாட்டேன், அண்ணி. இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

ஒரே ஒரு முறை வாயடைத்துப்போன
உங்கள் வாயாடி நாத்தனார்,
கிரேஸ்