இரண்டாம் கூடத்துக்கு இடமில்லை

செவ்வாய், காலை 8.10

வலம்புரி ஆழ்கடல் நிலையம், வங்கக் கடல். எழுதுபவர் பிரிஸ்கா ஃபெர்னாண்டோ, கணினிப் பொறியாளர்.

காற்று, அழுத்தம், மின்சாரம் சீர். நிலையத்தில் இருவர்: நான், கடலடி மண்ணை ஆராயும் கார்மேகம் அண்ணன். அவர் மண் மாதிரி எடுக்க இரண்டாம் கூடத்துக்குப் போயிருக்கிறார். நடுவில் நீளமான சுரங்கவழி.

முதன்மைக் கணினி இன்றும் மெதுவாகத்தான் எழுந்தது. வட்டில் படிக்க முடியாத இடங்கள் கூடிவருகின்றன. இயங்குதளத்தைப் புது எஸ்.எஸ்.டி. வட்டுக்கு மாற்றியாக வேண்டும். உதிரிப் பெட்டியைத் திறந்தேன். உள்ளே இருந்த வட்டின் கொள்ளளவு பழையதில் கால்வாசிதான். கரையில் யார் கட்டிக் கொடுத்தார்களோ, அவர்கள் நன்றாக இருக்கட்டும்.

பழைய வட்டில் பாதிக்கு மேல் கேம்ஸ். ஒவ்வொரு குழுவும் ஏற்றிவிட்டுப் போனது. கார் பந்தயம், துப்பாக்கிச் சண்டை, விவசாயம். கடலுக்கு அடியில் விவசாயம் பார்த்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் தூக்கப்போவதாக இன்டர்காமில் சொன்னேன்.

கார்மேகம்: “எதை வேணா அழி தாயி. கேரமை மட்டும் விட்ரு. புண்ணியமாப் போகும்.”

செவ்வாய், பகல் 1.40

கேம்ஸ் போயும் நகலெடுக்கும் மென்பொருள் மறுத்தது. காலியிடத்தையும் சேர்த்தே அது அளக்கிறது. முதலில் பழைய வட்டில் ஒதுக்கியிருக்கும் மொத்த இடத்தைச் சுருக்க வேண்டும். சுருக்கத் தொடங்கினேன். பாதிக்கு மேல் போனதும் ஒரு கெட்ட இடத்தில் மாட்டிக் கணினி உறைந்தது.

சில நிமிடங்கள்தான். அதற்குள் சுரங்கவழியின் அழுத்தக் கட்டுப்பாடு நின்று, மூட்டு ஒன்று பிளந்தது. வழி முழுக்கக் கடல். இரு பக்கக் கதவுகளும் தானாக மூடிக்கொண்டன. அண்ணன் அந்தப் பக்கம். அவர் திரும்பி வரும்வரை நான் பொறுத்திருக்கலாம்.

மீட்புக் கப்பல்: “புயல் கரையைக் கடக்காமல் முழுக்காளர்களை இறக்க முடியாது. வியாழன் மாலை வரை தாக்குப்பிடியுங்கள்.”

செவ்வாய், மாலை 6.25

கோப்புகளை ஒவ்வொன்றாகக் கையால் மாற்றுகிறேன். இரண்டு கூடங்களுக்கும் காற்றைக் காக்கத் தனித்தனிக் கட்டுப்பாட்டு நிரல். இரண்டும் பெரியவை. புது வட்டில் ஒன்றுதான் அடங்கும்.

இரண்டாம் கூடம் பழையது. அங்கே காற்றைச் சுத்தம் செய்யக் கைப்பம்பு ஒன்று உண்டு. என் கூடம் புதிது. சுற்றுவதற்குக் கைப்பிடி எதுவும் இல்லை, எல்லாம் கணினிதான்.

அவரிடம் கேட்டேன். எந்தக் கூடத்தின் நிரலை ஏற்றுவது என்று.

கார்மேகம்: “இதுல கேக்க என்ன இருக்கு? ஓம் பக்கத்த ஏத்து. எனக்குத்தான் கை இருக்குல்ல.”

ஏற்றினேன். மிச்சமிருந்த இடத்தில் கேரம் உட்கார்ந்துகொண்டது. புது வட்டிலிருந்து கணினி எழுந்தது. பழைய வட்டு அதற்குப் பிறகு திறக்கவில்லை.

புதன், காலை 7.00

பம்பைச் சில நிமிடங்களுக்கு ஒரு முறை சுற்ற வேண்டும். விட்டால் காற்று கெட்டுத் தூக்கம் வரும். தூங்கிவிட்டால் சுற்ற ஆளில்லை. கடிகார அலாரம் அவரை எழுப்பவில்லை. நான் இன்டர்காமில் தொண்டை கிழியக் கத்தியபிறகே எழுந்தார். இனித் தூங்கவே விடக் கூடாது.

ஆகவே கேரம். அவர் திரையில் அவர், என் திரையில் நான். ஓர் ஆட்டம், பம்பு, மறுபடி ஆட்டம்.

கார்மேகம்: “சிவப்பு போட்டாச்சு. ஃபாலோ பாரு தாயி, பாரு... அட, போச்சு!”

நான்: “எங்க ஊர்ல இப்படி ஆடுனா பலகையவே பிடுங்கிருவாவண்ணே.”

கார்மேகம்: “ஒங்கிட்ட தோத்தத எங்க வீட்டம்மாகிட்ட மட்டும் சொல்லிராத.”

சிரித்தோம்.

புதன், பிற்பகல் 3.15

புது வட்டு நிறைந்துகொண்டே வருகிறது. காரணம் தெரிந்துவிட்டது. இரண்டாம் கூடத்தின் நிரல் இங்கே இல்லை, ஆனால் அங்கிருந்து வரும் கேபிள் உயிரோடு இருக்கிறது. கணினி அந்த நிரலை ஓயாமல் தேடுகிறது. ஒவ்வொரு முறையும் ‘காணவில்லை’ என்று, விசாரணைக்காகத் தானே எழுதிவைக்கும் விபத்துப் பதிவில் சேர்க்கிறது. அந்தப் பதிவை அழிக்கக் கரையிலிருந்து கொடுத்த சாவிக் கோப்பு வேண்டும். அது பழைய வட்டோடு போயிற்று. கப்பலிலிருந்து குறுஞ்செய்தி மட்டுமே வந்து சேர்கிறது, அவ்வளவு பெரிய கோப்பு வராது.

வட்டு நிறைந்தால் இயங்குதளம் நிற்கும். என் காற்றும் நிற்கும். கேபிளைத் துண்டித்தால் தப்பலாம். இன்டர்காமும் அதே கேபிளில்தான்.

படங்களை அழித்தேன். வரைபடங்கள், உதவிக் கோப்புகள், எல்லாம். கடைசியில் கேரமும்.

கார்மேகம்: “போகட்டும் விடு. வாயாலயே ஆடுவோம். நா வெள்ளை. ஓரத்துல இருக்கத அடிக்கிறேன்... விழுந்துருச்சு.”

நான்: “விழலண்ணே. விளிம்புல நிக்கி.”

கார்மேகம்: “நீதான் அம்பயரா?”

வியாழன், காலை 5.50

எத்தனை காய் மிச்சம் என்பது அவருக்குத் தடுமாறுகிறது. போட்ட காயையே மறுபடி போடுகிறார். உள்ளங்கை கொப்புளித்துக் கிழிந்துவிட்டதாம், சட்டைத் துணியைச் சுற்றியிருக்கிறார். நானும் கண் மூடவில்லை. வட்டில் இடம் கொஞ்சம்தான். அவரிடம் மறைக்கவில்லை.

கார்மேகம்: “வெட்டி விட்ரு. நா பாத்துக்கிருவேன். சொன்னாக் கேளு தாயி.”

நான்: “வெட்டுனா ஒங்கள யாருண்ணே எழுப்புவா? ஒங்க ஆட்டம். அடிங்க.”

ஸ்ட்ரைக்கரை எங்கே வைக்கிறேன் என்று சொல்லத் தொடங்கினார். முடிக்கவில்லை.

வியாழன், காலை. ஒன்பது இருக்கும்

பதில் இல்லை. கத்தினேன். பனிமய மாதாவைக் கூப்பிட்டேன். கெட்ட வார்த்தையில்கூடத் திட்டினேன்.

துண்டிக்கும் கட்டளை திரையில் தயார். ஒரு தட்டு போதும். தட்டினால் நான் இருப்பேன். அவர் தூங்கிக்கொண்டே போய்விடுவார்.

இடம் இல்லை, ஏறக்குறைய.

சத்தம். பம்பு கிறீச்சிடுகிறது. ஒரு சுற்று. நின்றுவிட்டது. இல்லை, இன்னொன்று. இருக்கிறார். முழுசாக விழிக்கவில்லை. இன்னும் கொஞ்சம் கூப்பிட்டுவிட்டு வெட்டி

வெள்ளி, மீட்புக் கப்பலில்

இதைச் சொல்வது கார்மேகம். கைகளில் கட்டுப் போட்டிருப்பதால் நான் சொல்லச் சொல்லக் கப்பலின் கணினிக்காரர் தட்டுகிறார். பிரிஸ்காவின் வட்டில் இதை எழுத இடம் வேண்டுமென்று சாவி போட்டு விபத்துப் பதிவை அழித்தவரும் அவர்தான். அழிக்கச் சில நொடிகூட ஆகவில்லை.

பிரிஸ்காவின் குரல் காதில் விழுந்து விழுந்துதான் எனக்கு நினைவு வந்தது. கை தானாகப் பம்பைத் தேடிப் போயிற்று. அவள் திட்டிக்கொண்டே இருந்தாள். சட்டென்று சத்தம் நின்றது.

வெட்டிவிட்டாள் என்று நினைத்தேன். கடைசியில் என் பேச்சைக் கேட்டாள், பிழைத்துக்கொண்டாள். அந்த நிம்மதியில் தூக்கமே கலைந்துவிட்டது. விடாமல் சுற்றினேன். ஆட்டத்தைக்கூட நானே இரண்டு பக்கமும் ஆடினேன். அவளை ஜெயிக்க வைத்தேன்.

மாலையில் முழுக்காளர்கள் கதவைத் திறந்தார்கள். “அந்தப் புள்ள மேல போயிருச்சா?” என்று கேட்டேன். ஒருவர் என் விரல்களைப் பம்பிலிருந்து பிரித்தெடுத்தார்.

அவள் வெட்டவில்லை. வட்டு நிறைந்து கணினியும் இன்டர்காமும் நின்ற பிறகு அவள் கூடத்தில் காற்று மெல்ல மெல்லக் கெட்டிருக்கிறது. மதியம் வரை உயிர் இருந்திருக்கலாம் என்கிறார்கள். மைக் அவள் கையில் இருந்ததாம். அது வேலை செய்யவில்லை என்று அவளுக்குத் தெரியுமா தெரியாதா, யாராலும் சொல்ல முடியவில்லை.

அவ்வளவு நேரமும் இந்தப் பக்கம் நான் நிம்மதியாகச் சுற்றிக்கொண்டிருந்தேன்.