படகின் இரண்டாவது பேட்டரி

ஜனவரி 6, சனி

குளிர். புகைமூட்டம். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் தெரியவில்லை. சயின்ஸ் ரிவிஷன் பாக்கி.

படகுக்கு இன்னொரு பேட்டரி வாங்க அப்பாவோடு போனேன். இருப்பது ஒன்றே ஒன்று. அதில்தான் என்ஜின் ஸ்டார்ட், ஜி.பி.எஸ்., மீன் காட்டும் திரை, ஒயர்லெஸ், எல்லாம். சாவியைத் திருப்பினால் ஜி.பி.எஸ். அணைந்து மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. அதோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தை நான்தான் அப்பாவுக்குப் படித்துச் சொன்னேன்: கருவிகளுக்குத் தனி பேட்டரி, டீப் சைக்கிள் வகை.

கடையில் அதைச் சொன்னதும் கடைக்காரர் காசிம் பாய் சிரித்தார். "சைக்கிள் கடை அடுத்த சந்துல, பாப்பா." பிறகு அவரே விளக்கினார். கார் பேட்டரி ஒரே மூச்சில் ஓடுகிற ஆள். இது மூட்டையைத் தூக்கிக்கொண்டு நாள் முழுக்க நடக்கிற ஆள். (பிடித்திருந்தது. பரீட்சையில் எழுத முடியாது.)

"கரையில சார்ஜ் ஏத்திட்டா ரெண்டு ராத்திரி தாங்கும் அண்ணாச்சி. மூணாவதுக்கு நான் பொறுப்பில்ல."

ஜனவரி 7, ஞாயிறு

மாஹிம் கரை. பேட்டரியை எங்கே வைப்பது என்று சண்டை. பாண்டு காகா (அப்பாவின் கூட்டாளி, படகில் பாதி அவருடையது) பின்னால், என்ஜின் பக்கம் என்றார். அங்கே சூடு, டீசல் என்றேன். அப்பா முன்னால் என்றார். அலை அடித்து நனையும். உப்புத் தண்ணீர் ஆசிட்டில் கலந்தால் விஷ வாயு. புத்தகத்தைக் காட்டினேன்.

அப்பா: "ஏட்டி, பேசாம நீயே படகையும் ஓட்டிரு."

கடைசியில் சுக்கானுக்குப் பக்கத்துப் பலகையின் கீழ். படகின் நடு, உயரம், காற்று வரும், நனையாது. எல்லாவற்றுக்கும் டிக். அலையில் நகராமலிருக்க எங்கள் சந்து வெல்டிங் கடையில் அடித்த கூண்டு, தடித்த இரும்பு. அவ்வளவு கச்சிதம். என்ஜினைப் போட்டார்கள். ஜி.பி.எஸ். அணையவில்லை! காகா என் தலையில் தட்டி "இஞ்சினியர்" என்றார்.

சாயங்காலம் கிளம்பினார்கள். செவ்வாய் வந்துவிடுவார்கள்.

ஜனவரி 9, செவ்வாய்

வரவில்லை. கரைக்கு வந்த வேறொரு படகுக்காரர் சொல்லிவிட்டுப் போனார்: நல்ல மீனாம், இன்னும் ஒரு ராத்திரி இருப்பார்களாம்.

அம்மா: "மீனக் கண்டா உங்கப்பாவுக்கு வீடு மறந்துரும்."

மூணாவது ராத்திரி. காசிம் பாய் சொன்னது. அம்மாவிடம் சொன்னால் பயந்துவிடுவாள். மராத்தி கட்டுரை பாதியில் நிற்கிறது.

ஜனவரி 10, புதன். மாஹிம் கரையில்

ரஃப் நோட்டின் பின்பக்கத்தில் எழுதுகிறேன்.

காலையில் காந்த முள் பிராக்டிகல். எல்லோருடைய முள்ளும் போர்டைப் பார்க்க, என்னுடையது மட்டும் ஜன்னலை. மிஸ் வந்து, "கம்பாஸ் கோ தூர் ரக்கோ" என்றார், கம்பாஸைத் தள்ளி வை என்று. இங்கே திசைகாட்டிக்கும் ஜாமெட்ரி டப்பாவுக்கும் கம்பாஸ் என்றுதான் பேர். எதைத் தள்ளி வைப்பது? முழித்தேன். என் தகர டப்பாவை மிஸ்ஸே தள்ளினார். முள் ஆடியது, திரும்பியது, போர்டைப் பார்த்து நின்றது. கிளாஸ் முழுக்கச் சிரிப்பு.

டப்பாவின் இரும்புதான் முள்ளை இழுத்திருக்கிறது. படகில் திசைகாட்டி அந்தப் பலகையின் மேலேதான். கீழே இரும்புக் கூண்டு. நடுவில் ஒரு ஜாண்கூட இல்லை.

தலைவலி என்று பொய். கரைக்கு ஓட்டம்.

கரையில் கட்டியிருந்த ஒரு படகின் ஒயர்லெஸ் முன்னால் காகாவின் மனைவி, காகி. பேட்டரி இறங்கிவிட்டதாம். ஜி.பி.எஸ். போய்விட்டதாம். ஒயர்லெஸ் மட்டும் லேசாகப் பேசுகிறதாம். "கம்பாஸ் ஹை நா, டென்ஷன் மத் லே." கம்பாஸ் இருக்கிறதே, கவலைப்படாதே என்றாள். புகைமூட்டத்தில் கம்பாஸைப் பார்த்துத்தான் வருகிறார்களாம்.

அதுதான் தப்பு காகி, அதுதான்! சொன்னேன். புரியவில்லை. மறுபடி சொன்னேன். காகியின் முகம் மாறிவிட்டது. கூப்பிட்டோம். பதில் இல்லை. அம்மா வந்துவிட்டாள். மணலில் உட்கார்ந்துகொண்டாள். கூப்பிட்டோம். பாந்த்ரா பக்கம் போனால் பாறை. வெளியே போனால் கப்பல் போகும் வழி. கூப்பிட்டோம்.

இன்னும் புதன், வெளிச்சம் குறைகிறது

அப்பா குரல்! நூல் மாதிரி.

"யாரு, ஏட்டி நீயா? பள்ளிக்கூடம் போவலயா?"

"அப்பா, கம்பாஸ் தப்பாக் காட்டுது. கூண்டு இரும்பு. கம்பாஸக் கழத்தித் தூரமா வைங்க."

கரகரப்பு. பிறகு, "எம்புட்டுத் தூரம்?"

தெரியவில்லை. புத்தகத்தில் இல்லை.

"கையில எடுத்துக்கிட்டு முன்னால நடங்கப்பா. முள்ளு திரும்பிக்கிட்டே வரும். திரும்பாம நிக்குற வரைக்கும் நடங்க."

காகா கத்துவது கேட்டது: "கூம் ரஹா ஹை! கூம் ரஹா ஹை!" சுற்றுகிறதாம். பிறகு அப்பா. "நின்னுட்டு." மறுபடி கரகரப்பு. "ஏட்டி, இம்புட்டு நேரமும் நாங்க கரையப் பாத்தே வரலட்டி. படகத் திருப்புதோம்…"

அவ்வளவுதான், குரல் அறுந்துவிட்டது. காகி பட்டனை அழுத்துகிறாள், அழுத்துகிறாள்.

அம்மா மணலிலிருந்து ஓடி வந்தாள். "என்ன சொன்னாவ? என்னட்டி சொன்னாவ?"

"திரும்பிட்டாவளாம்மா."

டீசல் எவ்வளவு மிச்சம் என்று நான் கேட்கவே இல்லை.