பின்சக்கரத்துக்கு முன்னால்

மார்ச் 2

அன்புத் தம்பிக்கு,

இங்கே நலம். அங்கேயும் நலம் என்று நம்புகிறேன். நம்பத்தான் முடியும், நீதான் என் போனை எடுப்பதில்லையே. ஒர்க்‌ஷாப்பில் தலைக்கு மேல் வேலை போல என்று நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டு எழுத உட்கார்ந்தேன்.

அப்பாவின் கார் படுத்துகிறது. மேடு வந்தால் விக்குகிறது, அப்புறம் நின்றேவிடுகிறது. நேற்று மேம்பாலத்தின் நடுவில் நின்றது. உள்ளே டூட்டி முடிந்து வீடு திரும்பும் நர்சுகள், பின்னால் ஒரு லாரி. இன்னொரு தடவை இப்படி ஆனால் வேறு வண்டி பார்த்துக்கொள்கிறோம் என்று அவர்களில் மூத்தவள் பக்குவமாகச் சொன்னாள். அந்தச் சவாரிதான் என் பிழைப்பு.

வீடு உனக்கு, கார் எனக்கு என்று பிரித்துக்கொண்டபோது எல்லோரும் என்னைப் பைத்தியக்காரி என்றார்கள். நிற்கிற சுவரைவிட ஓடுகிற சக்கரம் சோறு போடும் என்றேன். என் வாக்கைக் காப்பாற்று.

பெட்ரோலை வடிகட்டும் பில்டர் அடைத்திருக்கும் என்கிறார்கள். அது எங்கே இருக்கிறது என்று மட்டும் எழுது. நானே மாற்றிக்கொள்கிறேன்.

உன் அக்கா

மார்ச் 8

அன்புள்ள அக்காவுக்கு,

கோபம் வேண்டாம். ஒர்க்‌ஷாப்பில் நிற்க நேரமில்லை.

பானட்டைத் திற. கார்புரேட்டருக்கு வரும் ரப்பர் குழாயைப் பிடித்துக்கொண்டே பின்னால் போ. வழியில் சின்னதாக ஒரு டப்பா இருக்கும். தொடுவதற்கு முன் பாட்டரி ஒயரைக் கழற்றிவிடு. பெட்ரோல் சிந்தும், பக்கத்தில் நெருப்பு கூடாது.

அப்பா காலத்திலிருந்து அந்த வண்டியில் என் கை தவிர வேறு கை பட்டதில்லை. கண்ட மெக்கானிக்கிடமெல்லாம் விடாதே. இல்லாத கோளாறைச் சொல்வான்.

உன் தம்பி

மார்ச் 13

அன்புத் தம்பிக்கு,

குழாயைப் பிடித்துக்கொண்டே போனேன். டப்பாவும் இல்லை, டப்பியும் இல்லை. கை முழுக்கக் கரி. எதிர்வீட்டுக்காரர் பால்கனியில் நின்று, "என்னம்மா, எஞ்சினுக்குப் பேன் பாக்குறீங்களா?" என்றார். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

யானைக்கும் அடி சறுக்கும். நன்றாக யோசித்து எழுது. நர்சுகளிடம் இந்த வாரம் வரை தவணை கேட்டிருக்கிறேன்.

உன் அக்கா

மார்ச் 18

அன்புள்ள அக்காவுக்கு,

மறந்துவிட்டேன். பின்சீட்டைத் தூக்கினால் கீழே ஒரு வட்ட மூடி இருக்கும். அதற்குள் பார். போல்ட் துருப்பிடித்திருக்கும், பொறுமையாகக் கழற்று. பாட்டரி ஒயர் ஞாபகம்.

அப்படியும் கிடைக்கவில்லை என்றால் பேசாமல் வண்டியை எடைக்குப் போட்டுவிடு. பழசைக் கட்டிக்கொண்டு ஏன் மாரடிக்கிறாய்?

உன் தம்பி

மார்ச் 24

தம்பிக்கு,

சீட்டைத் தூக்கினேன். போல்ட் கழற்றியதில் விரல் கிழிந்தது. பெட்ரோல் அளவு காட்டும் டேங்க் மிதவைதான் இருந்தது. பில்டர் இல்லை.

பிறகு உதிரிபாகக் கடைக்காரரிடம் வண்டியின் மாடலைச் சொன்னேன். "இடது பின்சக்கரத்துக்குக் கொஞ்சம் முன்னாடி, டேங்க் ஓரமா ஒரு தகரப் பட்டைக்குள்ள இருக்கும்மா. இந்த மாடலுக்கு வேற எங்கயும் வராது" என்றார். படுத்துக்கொண்டு டார்ச் அடித்தேன். பட்டை இருந்தது, வெறும் பட்டை. பில்டர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சாண் ரப்பர் குழாய், இரண்டு கிளிப். வண்டியே துருவாக இருக்க, அவை மட்டும் புத்தம் புதுசு.

அவரையே கூட்டிவந்து காட்டினேன். "டேங்க் உள்ள அரிச்சுப் போச்சும்மா. எத்தனை பில்டர் போட்டாலும் நாலு நாள்ல அடைக்கும். கொஞ்ச நாளைக்கு நல்லா ஓடணும்னு யாரோ பில்டரையே கழட்டிட்டாங்க. துரு அத்தனையும் கார்புரேட்டருக்குப் போயிருக்கு" என்றார்.

வேறு கை பட்டதில்லை என்று எழுதியிருந்தாயே.

வீட்டுப் பத்திரத்தில் நான் கையெழுத்துப் போட்ட அன்று காலை, என்னை அதே மேம்பாலத்தில் ஏற்றி இறக்கினாய். "பாருக்கா, பூ மாதிரி போகுது" என்றாய். டேங்க் அரித்துவிட்டது என்று சொல்லியிருந்தால்கூட, அப்பா ஓட்டிய வண்டி என்று எடுத்துக்கொண்டிருப்பேன். அதுதான் எரிகிறது.

கழற்றியதைக்கூட மன்னித்துவிடுவேன், ஆசை யாரை விட்டது? நீ கழற்றி எறிந்ததை என்னைத் தேட விட்டாயே. முதலில் பானட்டைத் திற என்றாய், அப்புறம் சீட்டுக்கு அடியில் என்றாய். நான் கிழிந்த விரலோடு தேடுவேன் என்று தெரிந்தே எழுதினாய். பாட்டரி ஒயரைக் கழற்றச் சொன்னது மட்டும் நிஜம். அக்கா எரிந்துபோகக் கூடாது என்ற அளவுக்குப் பாசம் இருந்திருக்கிறது.

நர்சுகள் வேறு வண்டி பிடித்துவிட்டார்கள். டேங்க் மாற்றப் போகிறேன். அதுவரைக்கும் இருக்கட்டும் என்று புது பில்டரை நானே மாட்டினேன், அதன் மேலிருந்த அம்புக்குறி எஞ்சின் பக்கம் பார்க்க.

அந்தக் குழாய்த் துண்டை இதோடு வைத்திருக்கிறேன். அளவெடுத்து வெட்டியிருக்கிறாய், வேலையில் குறை சொல்ல முடியாது.

இனிமேல் போன் அடித்தால் பயப்படாமல் எடு. நானாக இருக்க மாட்டேன்.