ஓட் மரப் புகை

அன்புள்ள கிதேவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மருமகளும் அந்தக் கனடாக் குளிரில் உடம்பைப் பார்த்துக்கொள்கிறீர்கள்தானே. இங்கே எல்லோரும் சுகம் என்று எழுத ஆசைதான், ஆனால் என் கையெழுத்தே காட்டிக்கொடுத்துவிடும், விரலெல்லாம் கட்டுப் போட்டிருக்கிறேன். சூசோக் அறுவடைப் பண்டிகை வருகிறது, முன்னோர் கல்லறை மேட்டில் புல் வெட்டாமல் விட்டால் ஊர் சிரிக்கும் என்று உன் அப்பா தனியாகவே மலை ஏறினார். சித்தப்பாவுக்கு வழக்கம்போல முதுகுவலி. அங்கே ஓட் மரக் கன்றுகள் இடுப்புயரம் வளர்ந்திருந்தனவாம். அதன் பால் பட்டால் தோல் வெந்துபோகும் என்று பச்சைப் பிள்ளைக்கும் தெரியும், இவரோ "வருஷா வருஷம் ஓட் கோழி தின்ன உடம்புடி இது, என்னை என்ன பண்ணும்" என்று வெறுங்கையால் பிடித்து வெட்டி, போதாததற்குக் குவித்துக் கொளுத்தி, அந்தப் புகையிலேயே நின்றிருக்கிறார். பட்டையைக் கோழியோடு வேகவைத்துத் தின்பதும் பச்சைப் பாலைப் பூசிக்கொள்வதும் ஒன்றா, நீயே சொல்!

மறுநாள் முகம் பூசணிக்காய் மாதிரி வீங்கி இரண்டு கண்ணும் மூடிக்கொண்டன. உடம்பெல்லாம் கொப்புளம். பக்கத்து வீட்டு ஒக்சுன் கஷ்கொட்டை இலை வேகவைத்த தண்ணீர் கொண்டுவந்தாள், பாவம், நல்ல மனசுதான், சூடாக ஊற்றியதும் அரிப்பு இன்னும் ஏறியது. மூச்சு இழுக்க ஆரம்பித்து நான் கத்திய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். ஊசி போட்டார்கள், மாத்திரை கொடுத்தார்கள். "வந்ததுமே சோப்புப் போட்டு பச்சைத் தண்ணியில கழுவியிருந்தா இவ்வளவு ஆகுமா, அந்தத் துணியைத் தொடாதீங்க" என்று டாக்டரம்மா திட்டினாள். நான் அதற்குள் அவர் சட்டையைக் கசக்கித் துவைத்து முடித்திருந்தேன், இந்த விரல் கட்டெல்லாம் அதனால்தான். இப்போது மூச்சு சரியாகிவிட்டது, பயப்படாதே. சொறியாதீர்கள் என்று சொல்வதும் ஈரத்துணி மாற்றுவதுமாக என் பொழுது போகிறது. சலித்துப்போய்விட்டது கிதே.

எதற்கு இந்த வீம்பு என்று கேட்டேன். கண் திறக்க முடியாமல் படுத்தபடியே சொல்கிறார், "உனக்குன்னு வெச்ச இடத்துலதான்டி முளைச்சிருந்துச்சு, அப்படியே விடச் சொல்றியா?" தாத்தா பாட்டிக்குக் கீழே எங்கள் இருவருக்கும் ஒதுக்கிய இடம் உனக்குத் தெரியுமே. கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது எனக்கு. அந்த இடம் எனக்கு வேண்டாம் கிதே. எரித்து, சாம்பலை டவுன் பக்கம் அஸ்தி மண்டபத்தில் ஒரு மாடத்தில் வைத்தால் போதும், நீ வரும்போது பஸ்ஸில் வந்து பார்க்கலாம். இதைச் சொன்னால் "பிள்ளை என்ன நினைப்பான்" என்கிறார். அதனால் ஞாயிற்றுக்கிழமை நீயே கூப்பிட்டு, இனிமேல் மலை ஏற வேண்டாம், கல்லறை மேடு இல்லாவிட்டாலும் எனக்கு ஒரு குறையும் இல்லை என்று உன் வாயால் சொல். நான் எழுதினேன் என்று மட்டும் சொல்லிவிடாதே.

மருமகளுக்கு மிளகாய்ப்பொடி அனுப்பியிருக்கிறேன். இருவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருங்கள். மறக்காமல் கூப்பிடு. வெட்டினாரே தவிர வேரைத் தோண்டவில்லை, வசந்தத்தில் அது மறுபடி துளிர்க்கும், இவரும் அரிவாளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

உன் அம்மா